முதல் தப்பு பொம்மையிடம் நடக்கட்டும்!

நர்சிங் படிக்கும் பிள்ளைகள் தொற்றுநோய் வார்டுக்குள் நுழைவதற்கு முன் பெற வேண்டிய பயிற்சி என்ன? பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?

சூலூர்க்காரர்களுக்குக் காது பழகிப்போன சத்தம் ஒன்று உண்டு. விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பும் தேஜஸ் விமானம் தலைக்கு மேலே சீறிக்கொண்டு போகும். ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளிதான் திடுக்கிட்டு அண்ணாந்து பார்ப்பார். நாம் பேச்சை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

போர் விமானம் ஓட்டுகிற எந்த பைலட்டும் எடுத்த எடுப்பில் நிஜ விமானத்தில் ஏறி வானத்துக்குப் போய்விடுவதில்லை. விமானத்தின் முன்பகுதியைப் போலவே செய்து வைத்த ஒரு கூண்டுக்குள், தரையில் உட்கார்ந்தபடியே பல மணி நேரம் 'பறக்கிறார்'. என்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது, மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது என்று எல்லாவற்றையும் அங்கேயே பழகுகிறார். அங்கே விமானம் விழுந்தாலும் யாருக்கும் காயமில்லை. 'சரி, மறுபடி ஆரம்பி' என்பார் ஆசிரியர். இதற்கு சிமுலேட்டர் என்று பெயர். 1929-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், ஆர்கன் இசைக்கருவி செய்யும் தன் அப்பாவின் தொழிற்சாலையில் இருந்த துருத்திகளைக் கொண்டே இப்படி ஒரு பயிற்சி விமானத்தைச் செய்தார். பிற்பாடு உலகம் முழுக்க விமானிகள் இதில் பழக ஆரம்பித்தார்கள்.

பைலட்டுக்குக் கிடைக்கிற இந்த வசதி, தொற்றுநோய் வார்டுக்குள் நுழையப் போகும் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கிறதா? இந்தக் கட்டுரை கேட்பது அதைத்தான்.

'குடிநீர் குடுத்தனுப்பட்டுங்களா?'

கோவையைச் சுற்றி நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. விசைத்தறி ஓட்டுகிறவர், மில்லில் வேலை பார்க்கிறவர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர் என்று பலரும் பெண்ணை நர்சிங்கில் சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகுதான் பயம் பிடித்துக்கொள்கிறது. என் கிளினிக்குக்கு வரும் தாய்மார்கள் தங்கள் மூட்டுவலியைச் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போகும்போது மெதுவாக ஆரம்பிப்பார்கள்.

"ஏனுங்க டாக்டர், பாப்பாவை டி.பி. வார்டுல போட்டிருக்காங்களாம். ஏதாச்சும் ஒட்டிக்கிச்சுன்னா என்னங்க பண்றது? கபசுரக் குடிநீர் காய்ச்சிக் குடுத்தனுப்பட்டுங்களா?"

சித்த வைத்தியனான என்னிடம் இப்படிக் கேட்டால், 'தாராளமாகக் கொடுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? எத்தனை டம்ளர் குடிநீர் குடித்திருந்தாலும், அழுக்கான கையுறையைத் தப்பாகக் கழற்றி, அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கிருமி உள்ளே போகத்தான் செய்யும். குடிநீர் கையுறைக்குப் பதில் ஆகாது. அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: "வார்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி காலேஜ்ல பாப்பாவுக்கு எத்தனை தடவை பழக்கினாங்க, அம்மணி?" இதற்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

பயம் வீண் பயமல்ல

தாய்மாரின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நர்சிங் மாணவர்களைப் பரிசோதித்து 2010, 2011-ம் ஆண்டுகளில் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டி.பி. கிருமி உடலுக்குள் புகுந்திருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. புகாதவர்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குப் புதிதாகப் புகுந்துகொண்டிருந்தது. கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. பெரும்பாலோரிடம் அது தூங்கிக்கொண்டே இருக்கும். இருந்தாலும் படிக்கிற வயதில் இது சின்ன விஷயமா?

இன்னொன்று நமக்குப் பக்கத்தில் நடந்தது. வாளையார் தாண்டினால் கேரளம். அங்கே கோழிக்கோடு மாவட்டத்தில் 2018 மே மாதம் நிபா வைரஸ் பரவியது. முதல் நோயாளி ஒருவர்; அவரைத் தொடர்ந்து நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே தொற்றைப் பெற்றவர்கள். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த லினி புதுச்சேரி, நோயாளியைக் கவனித்ததில் தொற்றுக்கு ஆளாகி மே 21-ம் தேதி இறந்தார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். கணவருக்கு அவர் எழுதி வைத்த கடைசிக் கடிதத்தைப் படித்துக் கலங்காதவர்கள் இல்லை.

லினியிடம் தைரியத்துக்கோ அன்புக்கோ குறைவில்லை. அவர் நோயாளியைக் கவனித்த நேரத்தில் வந்திருப்பது நிபா என்று யாருக்குமே தெரியாது. கவனித்துப் பாருங்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது. நோயின் பெயர் தெரிந்த பிறகு ஜாக்கிரதையாக இருப்பது பெரிதில்லை. பெயர் தெரிவதற்கு முன்பே, காய்ச்சலோடும் இருமலோடும் வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி ஜாக்கிரதை வேண்டும். அது யோசித்துச் செய்கிற காரியமாக இருந்தால் போதாது. கை தானாகவே செய்கிற பழக்கமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி அதற்கு வேண்டிய மாஸ்க், கையுறை எல்லாவற்றையும் எந்நேரமும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கவும் வேண்டும்.

2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு மறுபடி நிபா கண்டது. இந்த முறை தனி வார்டும், பழகிய ஆட்களும் தயாராக இருந்தார்கள். அவர் பிழைத்தார். அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவும் இல்லை.

ஆபத்து கழற்றும்போதுதான்!

'நல்ல உடை, நல்ல மாஸ்க் கொடுத்துவிட்டால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது என்பதற்குப் பணக்கார நாடான அமெரிக்காவே சாட்சி. 2014-ல் டல்லாஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எபோலா நோயாளி ஒருவரைக் கவனித்த இரண்டு நர்ஸுகளுக்கு அந்த நோய் தொற்றியது. இத்தனைக்கும் அவர்கள் பாதுகாப்பு உடை அணிந்திருந்தவர்கள்தான். நல்ல வேளையாக இருவரும் பிழைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 20-ம் தேதி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தன் விதிகளைத் திருத்தியது. உடையைப் போடவும் கழற்றவும் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்து, சரியாகச் செய்து காட்டிய பிறகே வார்டுக்குள் போக வேண்டும். போடும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற இன்னொருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடியையும் கவனிக்க வேண்டும் என்று சொன்னது.

ஏன் கழற்றுவதற்கு இத்தனை முக்கியத்துவம்? போடும்போது உடை சுத்தமாக இருக்கிறது. கழற்றும்போதுதான் அதன் வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி. ஆள் வேறு களைத்திருப்பார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதியில் நான்கு ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் நடத்தி 2015-ல் வெளியான ஒரு ஆய்வில், புற ஊதா விளக்கு பட்டால் மட்டும் ஒளிரும் ஒரு களிம்பைக் கையுறையில் பூசி, கையுறையையும் கவுனையும் கழற்றச் சொன்னார்கள். 435 தடவை கழற்றியதில் 46 சதவீதத்தில் களிம்பு தோலிலோ சொந்தத் துணியிலோ ஒட்டியிருந்தது. எல்லோரும் தினமும் இதே வேலை செய்கிறவர்கள்! பயிற்சி கொடுத்த பிறகு அது நன்றாகக் குறைந்தது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிதான் கோவைக்கும் சுற்று வட்டாரத்துக்கும் கோவிட் ஆஸ்பத்திரி. 2021 மே 30-ம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாதுகாப்பு உடை அணிந்து அந்த வார்டுக்குள் போனதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த உடைக்குள் மே மாத வெயிலில் மணிக்கணக்காக நின்று வேலை செய்த நர்ஸுகளை நினைத்துப் பாருங்கள். வேர்வை கண்ணில் இறங்கும், துடைக்கக் கூடாது. தாகம் எடுக்கும், குடிக்க முடியாது. டூட்டி முடிந்ததும் 'எப்போதடா கழற்றுவோம்' என்றிருக்கும். அந்த அவசரத்தில்தான் கை முகத்துக்குப் போகும். அந்த நேரத்தில் புத்தகத்தில் படித்தது ஞாபகத்துக்கு வருமா? பழகிய கைதான் காப்பாற்றும்.

பொம்மை நடத்தும் பாடம்

நர்சிங் படிப்பில் பொம்மை புதிதல்ல. 1911-லேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரியில், ஆள் உயரப் பொம்மை ஒன்றை வைத்துப் படுக்கை மாற்றுவதையும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதையும் பழக்கினார்கள். செய்து கொடுத்தவர் மார்த்தா சேஸ் என்ற பொம்மை தயாரிக்கும் பெண்மணி. அதனால் அந்தப் பொம்மைக்கு 'மிஸஸ் சேஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. 1960-ல் நார்வேயைச் சேர்ந்த லேர்டால் என்ற பொம்மைக் கம்பெனிக்காரர், நின்றுபோன மூச்சையும் இதயத்தையும் மீட்கும் முதலுதவியைப் பழக ஒரு பொம்மை செய்தார். இன்றைய பொம்மைகளுக்கு மார்பு ஏறி இறங்குகிறது, நாடி துடிக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் நினைத்தால் இருமுகிறது, முனகுகிறது, மூச்சுத் திணறுகிறது.

தொற்றுநோய்ப் பயிற்சி எப்படி நடக்கும்? ஒரு கட்டில், அதில் பொம்மை நோயாளி. 'மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல்' என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. நோயின் பெயர் இல்லை. மாணவி உள்ளே வருகிறாள். மாஸ்க் போட வேண்டும் என்று அவளுக்கே தோன்றுகிறதா, அல்லது நேராகக் கட்டிலுக்குப் போகிறாளா? நோயாளியின் சொந்தக்காரராக நடிக்கும் இன்னொரு ஆசிரியை, "ஏனுங்க சிஸ்டர், எங்க அப்பா பொழச்சுக்குவாருங்களா?" என்று அழுதுகொண்டே கையைப் பிடிக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பொம்மைக்கு மூச்சு வாங்குகிறது. மாணவிக்குக் கை நடுங்குகிறது. பாதி வேலையில் நழுவிய மாஸ்க்கை அதே கையால் சரிசெய்கிறாள்.

எல்லாம் முடிந்து உடையைக் கழற்றியதும் அறை விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கைப் போடுகிறார்கள். பொம்மையின் மேல் முன்கூட்டியே தடவி வைத்த களிம்பு, மாணவியின் மணிக்கட்டில் பளபளக்கிறது. கன்னத்தில், காதோரத்தில்கூட! "நான் எப்ப மேடம் தொட்டேன்?" என்று கேட்கிறாள். வீடியோவைப் போட்டுக் காட்டினால்தான் அவளுக்கே தெரிகிறது.

அதற்கப்புறம் நடப்பதுதான் முக்கியம். வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். 'உனக்கு அறிவிருக்கா?' என்று திட்டுவதற்கு அங்கே இடமில்லை. 'அந்த நிமிஷத்தில் என்ன நினைத்தாய்? அடுத்த முறை எப்படிச் செய்வாய்?' என்றுதான் கேட்பார்கள். பிறகு அதே பாடம் மறுபடியும் நடக்கும். கன்னத்தில் ஒளிர்ந்த களிம்பைப் பார்த்தவள் அதைச் சீக்கிரத்தில் மறக்கமாட்டாள். நூறு பக்கம் படித்தாலும் வராத எச்சரிக்கை அது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தில், தொற்றுத் தடுப்பு ஒரு பாடமாகவே இருக்கிறது. செயல்முறைக்கூட, சிமுலேஷன் பயிற்சிக்கென்று தனியாக மணிக்கணக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏட்டில் இருப்பது வகுப்பறைக்கு வருகிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இதற்கு லட்சக்கணக்கில் விலையுள்ள பொம்மைதான் வேண்டும் என்பதில்லை. தொற்றுத் தடுப்பைப் பழக மஞ்சள் தூளும், ஒரு கட்டிலும், பொறுமையான ஆசிரியரும் இருந்தாலே பாதிப் பாடம் நடத்திவிடலாம். சித்த மருத்துவம் படித்த காலத்தில் நாங்கள் நாடி பார்க்கப் பழகியது எங்கள் வகுப்புத் தோழர்களின் கையைப் பிடித்துத்தான். அது சரியாகப் பிடிபட்ட பிறகே நோயாளியின் கையைத் தொட ஆசிரியர் விட்டார். அந்த முறையின் இன்னொரு வடிவம்தான் இது.

நம் பெரியவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். பார்த்ததும் வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். பிளேக் நோய் வந்து போனதற்கு அடையாளமாகக் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதை ஊருக்கே பழக்கமாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் நர்ஸ் ஒதுங்கியிருக்க முடியாதே! எல்லோரும் விலகி நிற்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் போக வேண்டியவர் அவர். அதனால் அவருக்கு வேறு பழக்கம் வேண்டும்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பொம்மைக்கு வலிக்காது, பயப்படாது. நிஜ நோயாளியிடம் மட்டுமே கற்க வேண்டியவை நிறைய உண்டு. மாஸ்க்கே வாங்கித் தராத ஆஸ்பத்திரியிலோ, ஒரு நர்ஸின் தலையில் இருபது கட்டிலைக் கட்டுகிற வார்டிலோ, எவ்வளவு பயிற்சி இருந்தும் அது முழுசாகக் காப்பாற்றாது. பயிற்சியைக் காட்டி மற்ற வசதிகளைக் குறைப்பதும் நியாயமில்லை.

கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. வார்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மாணவியும் பாதுகாப்பு உடையைப் போட்டு, கழற்றி, சரியாகச் செய்து காட்டுகிறாளா? அல்லது ஒருத்தி செய்வதை அறுபது பேர் வேடிக்கை பார்க்கிறார்களா?

2. பயிற்சிப் பொம்மை வாரம்தோறும் பயன்படுகிறதா? இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் திறக்கிற அலமாரிக்குள் இருக்கிறதா?

3. என்-95 மாஸ்க் முகத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லித் தருகிறார்களா? (போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் மூடி மூச்சை விட்டால் ஓரங்களில் காற்றுக் கசியக் கூடாது.)

4. மஞ்சள் காமாலை 'பி' வகைக்கான தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுவிட்டார்களா? அது பலித்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்கிறார்களா?

5. ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியுமா? திட்டுக்குப் பயந்து மறைக்கக் கூடாது. உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, சீனியரிடம் தெரிவிக்க வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

6. டி.பி. பரிசோதனை சேரும்போதும், அதற்குப் பிறகும் உண்டா?

வீட்டிலேயே செய்து பாருங்கள்

மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஜோடி கையுறை வாங்குங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, கையுறையின் வெளிப்பக்கம் முழுக்கப் பூசுங்கள். இப்போது கழற்றுங்கள், பார்க்கலாம்! மணிக்கட்டில் மஞ்சள் தெரிந்தால் அதுதான் கிருமி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான முறை இது: ஒரு கையால் மறு கையுறையின் மணிக்கட்டுப் பக்கத்தை வெளியே பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து எடுங்கள். அதைக் கையுறை போட்ட கைக்குள்ளேயே சுருட்டிப் பிடியுங்கள். வெறும் கையின் விரலை, மிச்சமிருக்கும் கையுறையின் உள்பக்கமாக நுழைத்து, முதல் கையுறையையும் சேர்த்து மூடுகிற மாதிரி உரித்துவிடுங்கள். தூக்கிப் போட்டுவிட்டு சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள். கட்டை விரலும் விரல் நுனிகளும்தான் பலரும் கழுவாமல் விடும் இடங்கள்.

வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ படுக்கையில் வைத்துப் பணிவிடை செய்கிறவர்களுக்கும் இது உதவும். வாந்தி, பேதி, சளி எதைத் துடைத்தாலும் இதே முறைதான்.

பிள்ளைக்கு முதல் ஒன்றிரண்டு தடவை வரவே வராது. வராதது நல்லதுதான், மஞ்சளோடு போகட்டும். நர்சிங் சேர்க்கைக்குப் போகும் பெற்றோர் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, பஸ் வருமா என்றெல்லாம் மறக்காமல் விசாரிக்கிறார்கள். அப்படியே, "உங்க பயிற்சிக் கூடத்தை ஒரு தடவை பார்க்கலாமுங்களா?" என்றும் கேளுங்கள். கேட்கிற பெற்றோர் நாலு பேர் இருந்தால், பூட்டிக் கிடக்கிற அலமாரியும் திறக்கும்.